ஆள் குறையக் குறைய அகலும் தொகுதி

2012 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைமை, சொந்த உறுப்பினர்கள் நால்வரை முக்கியக் குழுக்களிலிருந்து நீக்கியது. சபாநாயகர் ஜான் போனரின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் வாக்களித்துவந்தவர்கள் அவர்கள். நால்வரில் ஒருவர் டிம் ஹூல்ஸ்காம்ப். கன்சாஸ் மாநிலத்தின் மேற்குச் சமவெளியிலிருந்து வந்தவர். பட்ஜெட் குழுவோடு வேளாண் குழுவிலும் அவருக்கு இருந்த இடம் பறிபோனது.

வாஷிங்டன் நிருபர்களுக்கு அது ஒரு நாள் செய்தி. கன்சாஸில் கோதுமையும் சோளமும் விதைக்கிறவர்கள் அதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமுறைகளாக வேளாண் குழுவில் கன்சாஸுக்கென்று ஒரு நாற்காலி இருந்துவந்தது; இப்போது அது இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்துச் சொந்தக் கட்சிக்காரர்களே ஹூல்ஸ்காம்பைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் மிக உறுதியான பழமைவாதத் தொகுதிகளுள் ஒன்றில், ‘போதுமான அளவு பழமைவாதி இல்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகாமலே ஒருவர் தோற்றார். அரசாங்கத்தை வெறுப்பதாகச் சொல்லும் ஊர், அரசாங்கத்தின் ஒரு குழுவில் தனக்கிருந்த இடத்தை இழந்ததற்காகத் தன் பிரதிநிதியைத் தண்டித்தது. இதைப் புரிந்துகொள்ள அந்த நிலத்தின் நூற்றைம்பது ஆண்டுக் கதை வேண்டும்.

நிலமும் எல்லையும்

கன்சாஸின் முதல் காங்கிரஸ் தொகுதியை உள்ளூரில் ‘பிக் ஃபர்ஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். மாநிலத்தில் மொத்தம் 105 கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவற்றில் 69 கவுண்டிகள் இந்த ஒரே தொகுதிக்குள் அடங்கின. பரப்பு 57,000 சதுர மைலுக்கு மேல். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர். மற்ற மூன்று தொகுதிகளும் மாநிலத்தின் கிழக்கிலும் தெற்கிலும் நகரங்களை ஒட்டி ஒடுங்கிக் கிடந்தன.

பூமியின் நூறாவது மேற்குத் தீர்க்கரேகை டாட்ஜ் சிட்டி வழியாகப் போகிறது. அதற்குக் கிழக்கே மழையை நம்பி விவசாயம் செய்யலாம்; மேற்கே போகப்போக ஆண்டு மழை 20 அங்குலத்துக்கும் கீழே இறங்கும். இந்தக் கோட்டின் இருபுறமும் படுத்திருக்கும் தொகுதியில் ஊர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுபவை கூட்டுறவுச் சங்கங்களின் வெண்ணிறக் கான்கிரீட் தானியக் களஞ்சியங்கள். கொலராடோ எல்லையில் உள்ள கிரீலி கவுண்டியில் 2020 கணக்குப்படி சுமார் 1,300 பேர்தான் வசிக்கிறார்கள். மேற்குக் கன்சாஸின் பல கவுண்டிகளில் 1930க்குள்ளாகவே மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு இறக்கம்தான்.

ஒவ்வொரு தொகுதியிலும் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் மக்கள் வெளியேறும் பகுதியில் தொகுதியின் எல்லை வெளியே நகர்ந்துகொண்டே போக வேண்டும். 1920களில் கன்சாஸுக்குப் பிரதிநிதிகள் சபையில் எட்டு இடங்கள். 1933இல் ஏழு, 1943இல் ஆறு, 1963இல் ஐந்து, 1993இல் நான்கு. மாநிலம் ஓர் இடத்தை இழந்த ஒவ்வொரு முறையும் மேற்குத் தொகுதி மேலும் சில கவுண்டிகளை விழுங்கியது.

கோபத்தின் அறுவடை

இந்தச் சமவெளி ஷையென், கயோவா, கோமான்ச்சி, அரப்பஹோ மக்களின் வேட்டை நிலம். 1867 அக்டோபரில் தென்கன்சாஸின் மெடிசின் லாட்ஜில் அவர்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் செய்தது. அவர்கள் தெற்கே ஒதுக்கிடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறுகிறவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ரயில் கம்பெனிகள் தமக்குக் கிடைத்த நிலத்தை விற்க ஐரோப்பாவரை ஆள் அனுப்பின.

வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து 1874இல் வந்த மென்னொனைட் சமயத்தவர் ‘டர்க்கி ரெட்’ என்ற குளிர்காலக் கோதுமை வகையைக் கொண்டுவந்தனர். இலையுதிர் காலத்தில் விதைத்து, பனியில் உறங்கவிட்டு, கோடையின் தொடக்கத்தில் அறுக்கும் பயிர். கன்சாஸ் கோதுமை மாநிலமாக மாறியதில் அந்த வகைக்குப் பெரும் பங்குண்டு. வோல்கா நதிக்கரை ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள் 1876 முதல் எல்லிஸ் கவுண்டியில் குடியேறினர். விக்டோரியா என்ற சிற்றூரில் அவர்கள் கட்டிய சுண்ணாம்புக்கல் தேவாலயம் 1911இல் முடிந்தது, இன்றும் நிற்கிறது. கென்டக்கியிலிருந்து அடிமைத்தளை நீங்கி வந்த கறுப்பின மக்கள் 1877இல் கிரஹாம் கவுண்டியில் நிக்கோடெமஸ் என்ற ஊரை நிறுவினர். அந்த ஊரிலிருந்து எழுந்த எட்வர்ட் மெக்கேப், 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கன்சாஸில் மாநிலம் தழுவிய பதவிக்கு வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

1880களின் இறுதியில் வறட்சி வந்தது. நிலவிலை சரிந்தது. கடன் அப்படியே இருந்தது. ரயில் கட்டணமும் வட்டியும் விவசாயியின் கழுத்தை நெரித்தன. 1890 தேர்தலில் மக்கள் கட்சி என்ற புதிய விவசாயிகள் கட்சி, கன்சாஸின் ஏழு காங்கிரஸ் இடங்களில் ஐந்தைப் பிடித்தது. தென்மேற்கின் ‘பிக் செவன்த்’ தொகுதியில் வென்றவர் ஜெர்ரி சிம்ப்சன், மெடிசின் லாட்ஜின் நகரக் காவலர். எதிர் வேட்பாளரைப் பட்டுக் காலுறை போடும் சீமான் என்று சிம்ப்சன் கிண்டலடிக்க, இவருக்குக் காலுறையே கிடையாது என்று பத்திரிகைக்காரர் ஒருவர் திருப்பியடித்தார். ‘காலுறையற்ற சிம்ப்சன்’ என்ற அந்தப் பட்டத்தை அவர் கொடியாகவே தூக்கிப் பிடித்தார்.

1896இல் எம்போரியா நகரின் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் வைட், கன்சாஸுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் புகழ்பெற்ற தலையங்கத்தில் இந்த விவசாயக் கலகக்காரர்களை வறுத்தெடுத்தார். இவர்களால் முதலீடு ஓடிப்போகிறது என்பது அவர் புகார். 2004இல் தாமஸ் ஃபிராங்க் அதே தலைப்பில் ஒரு நூல் எழுதினார். கேள்வி இப்போது எதிர்த்திசையில் வந்தது: கலகக்காரப் பாட்டன்களின் பேரன்கள் ஏன் பணக்காரர்களின் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள்? கருக்கலைப்பு, மதம் போன்ற பண்பாட்டுப் பூசல்கள் வயிற்றுப்பாட்டை மறக்கடித்துவிட்டன என்பது ஃபிராங்கின் விடை. பிக் ஃபர்ஸ்டின் வரலாறு அந்த விடையை முழுதாக ஏற்காது. இந்த ஊர்க்காரர்கள் வயிற்றுப்பாட்டை மறக்கவில்லை. அதைக் கவனிக்கும் வேலையை வேளாண் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற வாக்குகளைத் தம் நம்பிக்கைகளுக்குப் போட்டார்கள்.

புழுதியிலிருந்து கொள்கைக்கு

அந்த ஒப்படைப்பைத் தொடங்கிவைத்தவர் கிளிஃபர்ட் ஹோப். கார்டன் சிட்டி வழக்கறிஞர்; குடியரசுக் கட்சிக்காரர். 1927 முதல் 1957 வரை முப்பதாண்டுகள் தென்மேற்குக் கன்சாஸின் பிரதிநிதி. அவர் காலத்தில்தான் புழுதிப் புயல்கள் வந்தன. கோதுமை விலை ஏறியபோது உழப்பட்ட புல்வெளி, மழை பொய்த்ததும் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 ‘கறுப்பு ஞாயிறு’ எனப்பட்டது; பட்டப்பகலில் புழுதிச் சுவர் வந்து சமவெளியை இருட்டாக்கியது. அதே மாதம் 27ஆம் தேதி மண்வளப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் விவசாயத் திட்டங்களைக் கட்சிக் கண்ணோடு மட்டும் ஹோப் பார்க்கவில்லை. விலை ஆதரவும் மண் பாதுகாப்பும் இல்லாவிட்டால் தன் தொகுதியில் ஆளே மிஞ்சமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1947–49இலும் 1953–55இலும் வேளாண் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பண்ணை விவகாரத்தில் கட்சி இரண்டாம்பட்சம் என்ற எழுதாத விதியை அவர் காலம் நிலைநாட்டியது.

அந்த விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கும் அப்போதே சான்று கிடைத்தது. ஜனாதிபதி ஐசனோவரின் வேளாண் அமைச்சர் எஸ்ரா டாஃப்ட் பென்சன் அரசின் விலை ஆதரவைத் தளர்த்தினார். விவசாயிகள் கொதித்தார்கள். 1956இல் ஹோப் போட்டியிடாமல் விலகியபோது, குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த அந்தத் தொகுதியில் ஃப்ளாய்ட் பிரீடிங் என்ற ஜனநாயகக் கட்சி விவசாயி வென்றார். அதுவும் கன்சாஸின் ஆபிலீனில் வளர்ந்த ஐசனோவர் மாபெரும் வெற்றி பெற்ற அதே ஆண்டில்.

கப்பலேறிய கோதுமை

ஹோப் குழுத் தலைவராக இருந்தபோது நிறைவேறிய ஒரு சட்டம் தமிழர் வீட்டு அடுப்புவரை வந்தது. அரசு விலை கொடுத்து வாங்கிய கோதுமை களஞ்சியங்களில் மலையாகக் குவிந்திருந்தது. பசித்திருக்கும் நாடுகளுக்கு அவரவர் நாணயத்திலேயே விற்றுவிடலாமே என்று, கன்சாஸின் வடமேற்கு மூலையிலுள்ள ஷையென் கவுண்டியில் 1953இல் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதுவே விதை என்பது அந்த வட்டாரத்தின் பெருமிதக் கதை. 1954 ஜூலை 10 அன்று ஐசனோவர் கையெழுத்திட்ட அந்தச் சட்டம்தான் பி.எல். 480.

இந்தியா 1956இல் முதல் ஒப்பந்தம் செய்தது. பஞ்சம் வாட்டிய 1966இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன், பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. வியட்நாம் போரை விமர்சித்த இந்தியாவை வழிக்குக் கொண்டுவர ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களை மாதக் கணக்கில் அளந்து அனுப்பினார். உபரியை விற்க வழி தேடிய கன்சாஸ் விவசாயிக்கு அந்த ராஜதந்திரத்தில் பங்கில்லை. ஆனால் அவருடைய களஞ்சியம்தான் அதன் ஆயுதம்.

சென்னை மாநிலத்தில் காமராஜர் ஆட்சி தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் என்ற தொண்டு நிறுவனம் வழியாக அமெரிக்க உபரி உணவுப் பொருட்கள் வந்தன. இன்னொரு கிளை எதிர்பாராதது. கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணம் இந்தியாவிலேயே தங்கியது. அதைக் கொண்டு 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தமிழ்த் தொகுப்பு வளர்ந்தது இந்த வழியில்தான். சமவெளிக் கோதுமையின் விலை, தமிழ்ப் புத்தகங்களாகக் கடல் கடந்து திரும்பிப் போனது.

டோல் கட்டிய பாலம்

கன்சாஸ் ஓர் இடத்தை இழந்ததால் 1962 தேர்தலில் மேற்கின் இரண்டு தொகுதிகளும் ஒன்றாயின. இன்றைய பிக் ஃபர்ஸ்ட் அப்போது பிறந்தது. பதவியிலிருந்த இருவர் மோதினர்: தென்மேற்கின் பிரீடிங்கும், ரஸ்ஸல் ஊரின் பாப் டோலும். டோல் வென்றார். இரண்டாம் உலகப் போரில் 1945 ஏப்ரலில் இத்தாலியில் படுகாயமடைந்து வலது கை செயலிழந்தவர் அவர். சிகிச்சைச் செலவுக்கு ரஸ்ஸல்காரர்கள் மருந்துக்கடையில் ஒரு சுருட்டுப் பெட்டியை வைத்துப் பணம் திரட்டினார்கள். அந்தப் பெட்டியை டோல் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

1964இல் ஜான்சன் கன்சாஸையும் வென்றார். அதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் எந்த ஜனாதிபதி வேட்பாளரும் அங்கே வெல்லவில்லை. அந்த அலையில் டோல் தப்பியது குறுகிய வித்தியாசத்தில்தான். அதே ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்துக்கும், மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கும் ஆதரவாக வாக்களித்தார். 1968இல் செனட்டுக்குப் போனார்.

செனட்டில் அவர் செய்த காரியமே பிக் ஃபர்ஸ்டின் அரசியல் கணக்கை நாட்டுக்கே விளக்கியது. நாட்டில் விவசாயிகளின் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. அவர்கள் வாக்கை மட்டும் நம்பி வேளாண் மசோதாவை நிறைவேற்ற முடியாது. நகரத்து ஏழைகளுக்கான உணவுக் கூப்பன் திட்டத்தை 1973 மசோதா விவசாய மானியங்களோடு சேர்த்துக் கட்டியது. நியூயார்க், சிகாகோ உறுப்பினர்கள் கோதுமைக்கு வாக்களிப்பார்கள். கன்சாஸ் உறுப்பினர்கள் கூப்பனுக்கு வாக்களிப்பார்கள். ஏழைகள் முதலில் ஒரு தொகை கட்டித்தான் கூப்பன் பெற வேண்டும் என்ற விதியை 1977இல் நீக்கியதில் முன்னின்றவர்கள் டோலும், தெற்கு டகோட்டாவின் இடதுசாரி செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்னும். பிற்காலத்தில் உலக நாடுகளின் பள்ளி உணவுக்கான அமெரிக்கத் திட்டத்துக்கு இவ்விருவர் பெயரும் சூட்டப்பட்டது.

டோலுக்குப் பின் நார்ட்டன் ஊரின் கீத் செபிலியஸ் வந்தார்; செபிலியஸின் அலுவலக உதவியாளராயிருந்த பேட் ராபர்ட்ஸ் 1981 முதலும், ஜெர்ரி மோரன் 1997 முதலும் பிரதிநிதிகள். டோல், ராபர்ட்ஸ், மோரன், பின்னாளில் ரோஜர் மார்ஷல் என நால்வர் இந்தத் தொகுதியிலிருந்து செனட்டுக்கு ஏறினார்கள். கன்சாஸின் இன்றைய செனட்டர்கள் இருவருமே பிக் ஃபர்ஸ்டின் முன்னாள் பிரதிநிதிகள்.

ராபர்ட்ஸ் வேளாண் குழுத் தலைவராக 1996இல் ஒரு சோதனை செய்தார். விலைக்கேற்ப ஏறி இறங்கும் மானியத்தை ஒழித்து, ஏழாண்டுகளுக்கு ஆண்டுதோறும் குறையும் நிலையான தொகை கொடுத்து, விவசாயியைச் சந்தையிடம் விட்டுவிடுவது. ‘விவசாயச் சுதந்திரம்’ என்று அதற்குப் பெயர். இரண்டே ஆண்டுகளில் தானிய விலை சரிந்தது. காங்கிரஸ் ஆண்டுக்கு ஆண்டு அவசர நிதி ஒதுக்க நேர்ந்தது. 2002 மசோதா விலைக்கேற்ற மானியத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ராபர்ட்ஸ் பாடம் கற்றார். செனட்டில் நெப்ராஸ்காவின் பாப் கெர்ரியோடு சேர்ந்து பயிர்க் காப்பீட்டு மானியத்தை விரிவாக்கினார். இன்று காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாக அறுபது சதவீதத்தைக் கூட்டாட்சி அரசு கட்டுகிறது. மேற்குக் கன்சாஸ் விவசாயி வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும்போது கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம் அந்தக் காப்பீடுதான்.

விதியை மீறியவர்

இந்த வரிசையில் 2010இல் நுழைந்தவர் ஹூல்ஸ்காம்ப். ஃபௌலர் ஊரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வேளாண் கொள்கையில் முனைவர் பட்டம் பெற்றவர். அரசுச் செலவை எதிர்த்த தேநீர் விருந்து இயக்கத்தின் அலையில் வந்த அவருக்கு, கூப்பனையும் மானியத்தையும் சேர்த்துக் கட்டிய பழைய பேரம் ஊழலாகத் தெரிந்தது. கொள்கை நோக்கில் அவர் முரணற்றவர்: அரசுச் செலவு தவறென்றால் எல்லாச் செலவும் தவறு. 2014இல் நிறைவேறிய வேளாண் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார்.

விவசாயச் சங்கங்களும் கால்நடை உற்பத்தியாளர் சங்கமும் அவரைக் கைவிட்டன. 2016 ஆகஸ்டில் நடந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்தலில் கிரேட் பெண்ட் ஊரின் மகப்பேறு மருத்துவர் ரோஜர் மார்ஷல், சுமார் 13 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். மார்ஷலும் கருக்கலைப்பை எதிர்ப்பவர், வரியை எதிர்ப்பவர். இருவருக்கும் இடையே வாக்காளர் கண்ட பெரிய வேறுபாடு ஒன்றுதான்: வேளாண் குழு இடத்தைத் திரும்பப் பெறுவேன் என்றார் மார்ஷல். பெற்றும் விட்டார்.

இதைப் போலித்தனம் என்று நகரத்து விமர்சகர்கள் சொல்வதுண்டு. சமவெளிக்காரர் அப்படிப் பார்ப்பதில்லை. மழை, பெய்ஜிங்கின் வரி, சிகாகோ தானியச் சந்தை என எதுவும் தன் கையில் இல்லாதவருக்குக் காப்பீடு தானமாகத் தெரியாது. 2018 ஏப்ரலில் சீனா அமெரிக்கச் சோளத்துக்கு 178.6 சதவீத வைப்புத்தொகை விதித்தபோது, நடுக்கடலில் இருந்த கப்பல்கள் திரும்பின. அமெரிக்காவில் சோளம் அதிகம் விளையும் மாநிலம் கன்சாஸ். வர்த்தகப் போரைத் தொடங்கிய டிரம்ப் நிர்வாகம் நாடு முழுதும் விவசாயிகளுக்கு 2018இல் 1,200 கோடி, 2019இல் 1,600 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது. பிக் ஃபர்ஸ்டின் வாக்கு அசையவில்லை.

புதிய குடிகள், பழைய வாக்காளர்கள்

தொகுதி முழுதும் ஆள் குறைந்தபோதும் தென்மேற்கின் மூன்று ஊர்கள் வளர்ந்தன: கார்டன் சிட்டி, டாட்ஜ் சிட்டி, லிபரல். காரணம் மாடு.

நிலத்தடியில் இருக்கும் ஓகலாலா நீர்ப்படுகையை 1950களுக்குப் பிறகு சுழல் குழாய்ப் பாசனம் உறிஞ்சத் தொடங்கியது. நீரால் மக்காச்சோளம் விளைந்தது. அதைத் தின்ன ஆயிரக்கணக்கில் மாடுகள் அடைக்கப்பட்ட பட்டிகள் வந்தன. பட்டிகளைத் தேடி இறைச்சி ஆலைகள் வந்தன. 1980 டிசம்பரில் கார்டன் சிட்டிக்கு அருகே ஹோல்கம்பில் ஐ.பி.பி. நிறுவனம் திறந்த ஆலை அன்று உலகிலேயே பெரியதாகச் சொல்லப்பட்டது. கத்தியும் குளிரும் ரத்தமும் கலந்த வேலைக்கு உள்ளூர் ஆட்கள் போதவில்லை. முதலில் வியட்நாம், லாவோஸ் அகதிகள் வந்தார்கள். பிறகு மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர் மக்கள். அதற்கும் பிறகு சோமாலியர்கள். சீவர்ட், ஃபோர்ட், ஃபின்னி ஆகிய மூன்று கவுண்டிகளிலும் இன்று ஹிஸ்பானியர்களே பெரும்பான்மை.

கார்டன் சிட்டி இந்த மாற்றத்தைப் பெரும்பாலும் நிதானத்தோடு ஏற்றது. பள்ளிகளும் தேவாலயங்களும் முன்கூட்டியே தயாராயின. எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. 2016 அக்டோபரில், சோமாலியர்கள் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்தையும் அங்கிருந்த தொழுகையிடத்தையும் வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட மூவரைக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை கைது செய்தது. 2019 ஜனவரியில் மூவருக்கும் 25 முதல் 30 ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைத்தது.

உழைப்பு வந்த வேகத்தில் வாக்கு வரவில்லை. பலர் குடிமக்கள் அல்லர். பலர் வயதுக்கு வராதவர்கள். மாநிலச் சட்டமும் குறுக்கே நின்றது. வாக்காளராகப் பதிய விரும்புவோர் குடியுரிமைச் சான்று காட்ட வேண்டும் என்று 2013இல் நடைமுறைக்கு வந்த விதி 30,000க்கு மேற்பட்டோரின் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது. 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே 2018 இலையுதிர் காலத்தில் டாட்ஜ் சிட்டி நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. 27,000 பேர் வாழும் அந்த ஊருக்கு ஒரே வாக்குச்சாவடி. அருகில் கட்டுமான வேலை நடப்பதைக் காரணம் காட்டி அதையும் நகர எல்லைக்கு வெளியே, பேருந்து போகாத கண்காட்சி மையத்துக்கு மாற்றினார்கள். தேர்தல் நெருங்கிவிட்டதால் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2019இல் ஊருக்குள் இரண்டு சாவடிகள் திறக்கப்பட்டன.

ஆக, மக்கள்தொகைக் கணக்கில் இந்தத் தொழிலாளர்கள் தொகுதிக்கு எடை சேர்க்கிறார்கள். பிக் ஃபர்ஸ்ட் இன்னும் பெரிதாக வீங்காமல் தடுப்பவர்களில் அவர்களும் அடக்கம். வாக்குப்பெட்டியில் அந்த எடை இன்னும் இறங்கவில்லை.

அவர்களை அழைத்துவந்த நீரும் வற்றிக்கொண்டிருக்கிறது. ஓகலாலாவில் மழைநீர் ஊறும் வேகம் மேற்குக் கன்சாஸில் மிகக் குறைவு. எடுக்கும் வேகம் பல மடங்கு. வடமேற்கில் ‘ஷெரிடன் 6’ எனப்படும் பகுதியின் விவசாயிகள் 2013இல் தாங்களாகவே கூடி, ஐந்தாண்டுகளில் பயன்பாட்டை 20 சதவீதம் குறைக்கும் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் மின்செலவும் இடுபொருள் செலவும் மிச்சமாகி, வருமானம் தாக்குப்பிடித்தது. அந்த முன்மாதிரி எல்லா இடத்துக்கும் பரவவில்லை. நீரைத் திட்டமிட்டே தீர்த்துவிடும் கொள்கையைக் கைவிட வேண்டும் என்று கன்சாஸ் நீர் ஆணையம் வெளிப்படையாகச் சொன்னது 2022 டிசம்பரில்தான்.

1987இலேயே நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க், டெபோரா பாப்பர் தம்பதி, ஆளற்றுப்போகும் இந்தச் சமவெளியைக் காட்டெருமைகளுக்கே திருப்பிவிடலாம் என்று எழுதினர். கன்சாஸ் ஆளுநராக இருந்த மைக் ஹேடன் அப்போது கடுமையாக எதிர்த்தார். அவர்கள் சொன்னது நடந்துகொண்டிருக்கிறது என்று 2004இல் அவரே ஒப்புக்கொண்டார்.

எல்லை எட்டிப்பிடித்த லாரன்ஸ்

2010 கணக்கெடுப்புக்குப் பின் சட்டமன்றத்தால் வரைபடத்தில் உடன்பட முடியாமல் போக, 2012இல் நீதிபதிகளே கோடு போட்டனர். வேளாண் கல்விக்குப் பேர்போன கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் உள்ள மன்ஹாட்டன் நகரம் பிக் ஃபர்ஸ்டில் சேர்ந்தது. பொருத்தம்தான் என்று பலர் ஏற்றுக்கொண்டனர்.

2022இல் நடந்தது வேறு. குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் லாரன்ஸ் நகரை வெட்டியெடுத்து மேற்குத் தொகுதியோடு ஒட்டியது. அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் 1854இல் நிறுவிய ஊர் அது. 1863இல் தெற்கு ஆதரவுப் படை எரித்துச் சூறையாடிய ஊர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் இருப்பிடம். 2020இல் அந்தக் கவுண்டியில் பைடனுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு. அங்கிருந்து கொலராடோ எல்லைக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஆளுநர் லாரா கெல்லியின் மறுப்பாணையைச் சட்டமன்றம் தள்ளியது. கீழ் நீதிமன்றம் ரத்து செய்ததை மாநில உச்ச நீதிமன்றம் 2022 மேயில் நான்குக்கு மூன்று என்ற பிளவில் மாற்றி, வரைபடத்தைச் செல்லுபடியாக்கியது.

லாரன்ஸ்காரர்களின் புகார் வெளிப்படை: கோதுமைக் காட்டில் கரைந்துபோகும் அளவுக்கே தங்கள் வாக்கு. மேற்கிலும் சிலருக்குச் சங்கடம் உண்டு. கிழக்கே இருந்து ஆள் சேர்க்காமல் தொகுதி நிற்க முடியாது. சேர்க்கச் சேர்க்க அது கிராமத் தொகுதியாக இருக்க முடியாது.

2021 முதல் பிரதிநிதியாக இருப்பவர் டிரேசி மான். குவின்டர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், வேளாண் குழு உறுப்பினர். 2025இன் தொடக்கத்தில் டிரம்ப் நிர்வாகம் அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையைக் கலைத்தபோது, பி.எல். 480இன் வாரிசான ‘அமைதிக்கான உணவு’ திட்டமும் தடுமாறியது. அதை வேளாண் துறைக்கு மாற்றிக் காப்பாற்றும் மசோதாவை பிப்ரவரியில் மான் கொண்டுவந்தார். செனட்டில் அவருக்குத் துணை மோரன். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஹோப் காத்த அதே நலன்.

அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய டிரம்பின் பெரும் வரிச் சட்டம் பண்ணை ஆதரவு விலைகளை உயர்த்தியது. உணவுக் கூப்பன் திட்டத்தில் பத்தாண்டுகளில் சுமார் 18,600 கோடி டாலரை வெட்டியது. மான் ஆதரித்தார். 1973 முதல் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்த இரண்டும் இப்படிப் பிரிக்கப்பட்டன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வர வேண்டிய முழு வேளாண் மசோதா 2023இலேயே காலாவதியாகி, நீட்டிப்புகளில் ஓடியது. நகரத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லாத மசோதாவுக்கு அடுத்த முறை பெரும்பான்மைக்குத் தேவையான 218 வாக்குகளை எங்கிருந்து திரட்டுவது என்பது வேளாண் குழுவின் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் விடை காண வேண்டிய கேள்வி. 2030 கணக்கெடுப்பு முடிந்ததும் கன்சாஸ் சட்டமன்றம் மறுபடி கோடு வரையும். டாட்ஜ் சிட்டியிலும் லிபரலிலும் பிறந்த இறைச்சி ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளில் பலர் அதற்குள் வாக்களிக்கும் வயதை எட்டியிருப்பார்கள். அவர்களுக்கும் அந்தக் குழுவில் ஆள் வேண்டும். ஆனால் அவர்கள் முன்வைக்கப்போகும் கோரிக்கைகள் கோதுமை விவசாயியுடையவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.